தெவாத்தின் டி.520: கொடி மாறிய விமானமும் அதைச் சுற்றிய மனிதர்களும்

கல்லூரி வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: “‘இரண்டாம் உலகப் போரில் நாஜிகளோடு கைகோத்த துரோகி வடிவமைத்து, துரோகப் படை ஓட்டிய பிரெஞ்சுப் போர் விமானம் எது?’ என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். பதில், தெவாத்தின் டி.520. சரிதானா?”

விமானத்தின் பெயர் சரி. ஆனால் கேள்வியில் இரண்டு முறை வருகிற அந்தத் துரோகம் இரண்டு இடத்திலும் சரியாகப் பொருந்தவில்லை. வடிவமைத்தவர் பிற்பாடு தண்டிக்கப்பட்டது உண்மை, ஆனால் இந்த விமானத்துக்காக அல்ல. ஓட்டியவர்களில் பலர் நாஜிகளின் எதிரிகளைச் சுட்டதும் உண்மை, ஆனால் அவர்களில் சிலர் அதற்கு முன்னும் பின்னும் நாஜிகளையே எதிர்த்தவர்கள். இதை ஒற்றை வரியில் விளக்க முடியாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விமானம். எமில் தெவாத்தின் 1892-இல் பிறந்தவர். துலூஸ் நகரில் தொழிற்சாலை நடத்தியவர். 1930-களில் பிரெஞ்சு விமானப்படைக்குப் போர் விமானங்கள் செய்து கொடுத்துப் பெயர் வாங்கியிருந்தார். 1936-இல் ஆட்சிக்கு வந்த இடதுசாரிக் கூட்டணி ஆயுதத் தொழிற்சாலைகளை அரசுடைமை ஆக்கியபோது அவருடைய நிறுவனமும் அரசின் கைக்குப் போனது. டி.520-இன் வடிவமைப்பு வேலை அந்தக் காலகட்டத்தில் நடந்ததுதான். வரைபலகையில் பெரும்பகுதி உழைப்பு ராபர்ட் காஸ்தெல்லோ என்ற பொறியாளரின் குழுவுடையது. 1938 அக்டோபர் 2 அன்று மார்செல் தோரே என்ற புகழ்பெற்ற சோதனை விமானி அதை முதன்முதலில் வானில் ஏற்றினார். இந்தத் தோரே பின்னால் மறுபடி வருவார்.

நல்ல விமானம் அது. 900 குதிரைத்திறனுக்குச் சற்று மேற்பட்ட ஹிஸ்பானோ-சூய்ஸா எஞ்சின். விசிறியின் மையத் துளை வழியாகச் சுடும் ஒரு 20 மில்லிமீட்டர் பீரங்கி. இறக்கைகளில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். மணிக்கு 530 கிலோமீட்டர் அளவில் வேகம். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐ விட வேகம் குறைவு என்றாலும் திருப்பத்தில் அதோடு மல்லுக்கட்டக்கூடியது. பிரச்சினை எண்ணிக்கையில்தான். ஜெர்மனி 1940 மே 10 அன்று பாய்ந்தபோது படைப்பிரிவின் கையில் இருந்த டி.520-கள் 36 மட்டும். அடுத்த ஆறு வாரம் தொழிற்சாலை இரவு பகலாக ஓடி நூற்றுக்கணக்கில் செய்து தள்ளியது. ஆனால் விமானி பழக வேண்டும், உதிரி பாகம் வர வேண்டும், தரையில் படை நிற்க வேண்டும். அதற்குள் பிரான்ஸ் விழுந்துவிட்டது.

இந்த ஆறு வாரத்தில்தான் பியேர் லெ க்ளோவான் என்ற விமானி பெயர் பெறுகிறார். பிரிட்டனி பகுதியின் ஒரு கிராமத்தில் 1913-இல் பிறந்தவர். போர் தொடங்கியபோது பழைய மொரான் விமானத்தில் ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார். ஜூன் மாதம் அவர் பிரிவுக்கு டி.520 வந்தது. இத்தாலி போரில் குதித்த சில நாட்களிலேயே, ஜூன் 15 அன்று, தென் பிரான்சின் கடற்கரைக்கு மேல் ஒரே பறத்தலில் ஐந்து இத்தாலிய விமானங்களை வீழ்த்தினார். நான்கு ஃபியட் சி.ஆர்.42 சண்டை விமானங்கள், ஒரு குண்டுவீச்சு விமானம். அன்றைக்கு அவர் பிரான்சின் நாயகன்.

அடுத்த ஆண்டு ஜூனில் அதே மனிதர், அதே வகை விமானத்தில், சிரியாவின் வானில் பிரிட்டிஷ் ஹரிக்கேன்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தார். ஆறு ஹரிக்கேன், ஒரு கிளாடியேட்டர் என்று அவர் கணக்கில் எழுதப்பட்டது. மொத்தத்தில் அவர் கணக்கு 18. ஜெர்மானியர், இத்தாலியர், ஆங்கிலேயர் என மூன்று நாட்டு விமானங்களும் அதில் உண்டு.

இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் 1940-இன் பிரான்சை அதன் சட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜூன் 22 அன்று சண்டை நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. வடக்கும் மேற்குக் கடற்கரையும் ஜெர்மானியர் பிடியில். தெற்கில் விஷி என்ற ஊரைத் தலைநகராக வைத்து மார்ஷல் பெத்தேன் அரசு நடத்தினார். ஜூலை 10 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றமே 569-க்கு 80 என்ற வாக்கில் அவருக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்தது. அமெரிக்கா 1942 நவம்பர் வரை விஷி அரசோடு தூதரக உறவு வைத்திருந்தது. போரைத் தொடர வேண்டும் என்று லண்டனில் இருந்து வானொலியில் பேசிய பிரெஞ்சு ஜெனரல் டி கோலுக்கோ விஷி ராணுவ நீதிமன்றம் 1940 ஆகஸ்டில் மரண தண்டனை விதித்தது. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி துரோகி டி கோல்தான். பிரெஞ்சுப் பேரரசின் பெரும்பகுதி விஷியின் பக்கம் நின்றபோது, நம் புதுச்சேரி 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி போன்வேன் தலைமையில் டி கோலின் பக்கம் சேர்ந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். அந்த முடிவு எவ்வளவு அரிதானது என்பது இந்தப் பின்னணியில்தான் தெரியும்.

இதோடு இன்னொரு காயமும் இருந்தது. 1940 ஜூலை 3 அன்று, பிரெஞ்சுக் கடற்படை ஜெர்மானியர் கையில் சிக்கிவிடும் என்ற பயத்தில், பிரிட்டிஷ் கடற்படை அல்ஜீரியாவின் மெர்ஸ்-எல்-கெபீர் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைச் சுட்டது. 1,297 பிரெஞ்சு மாலுமிகள் செத்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால்வரை கூட்டாளியாக இருந்தவர்களின் குண்டு. வட ஆப்பிரிக்காவில் இருந்த பிரெஞ்சு விமானிகள் மனதில் அது என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சிரியா அப்போது பிரான்சின் ஆளுகையில் இருந்தது. 1941 மே மாதம் ஈராக்கில் ரஷீத் அலி பிரிட்டனை எதிர்த்து எழுந்தபோது அவருக்கு உதவப் போன ஜெர்மன் விமானங்கள் சிரியாவின் ஓடுதளங்களில் இறங்கிச் செல்ல விஷி அனுமதி கொடுத்தது. இதைச் செய்தது பெத்தேனுக்குக் கீழ் விஷி அரசை நடத்திய அட்மிரல் தார்லான். ஒத்துழைப்பு என்ற குற்றச்சாட்டு இங்கே முழுமையாகப் பொருந்தும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிட்டன் ஜூன் 8 அன்று சிரியாவுக்குள் நுழைந்தது. ஆஸ்திரேலியர்கள், டி கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படை, இவர்களோடு இந்தியாவின் 5-ஆவது காலாட்படை பிரிகேடும் அதில் இருந்தது. டமாஸ்கஸ் அருகே மெஸ்ஸே என்ற இடத்தில் இந்தியச் சிப்பாய்கள் விஷிப் படையின் டாங்கிகளிடம் சிக்கிக் கடும் இழப்பைச் சந்தித்தார்கள். பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சுக்காரரைச் சுட்ட போர் அது. ஐந்து வாரத்தில், ஜூலை நடுவில் முடிந்தது.

லெ க்ளோவான் பிரிவு அந்தப் போருக்காக அல்ஜீரியாவில் இருந்து அனுப்பப்பட்டது. அவர் தானாக ஜெர்மானியரைத் தேடிப் போய்ச் சேரவில்லை. உலக நாடுகள் பல ஏற்றுக்கொண்ட ஓர் அரசின் ராணுவ உத்தரவில் போனார். இதைச் சொல்வதால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. அவர் சுட்ட ஹரிக்கேன்களில் இருந்தவர்கள் ஹிட்லரை எதிர்த்துச் சண்டை போட வந்த இளைஞர்கள். வேறு வழி இருந்தது என்பதையும் மறைக்க முடியாது, ஏனென்றால் அதே விமானத்தில் அந்த வழியில் போனவர்கள் இருந்தார்கள்.

சிரியாப் போர் முடிந்த மூன்றே மாதத்தில், 1941 அக்டோபரில், அல்ஜீரியாவின் ஒரான் பகுதியில் இருந்து வழக்கமான பறத்தலுக்குக் கிளம்பிய மூன்று டி.520-கள் திரும்பி வரவில்லை. ஓட்டியவர்கள் மார்செல் அல்பேர், மார்செல் லெஃபேவ்ர், அல்பேர் துரான். மூவரும் நேராக ஜிப்ரால்டரில் போய் பிரிட்டிஷ் ஓடுதளத்தில் இறங்கினார்கள். விஷியின் கணக்கில் தப்பியோடிய படைவீரர்கள். பிடிபட்டால் தண்டனை, வீட்டில் இருப்பவர்களுக்கும் தொல்லை. பிறகு டி கோல் சோவியத் நாட்டுக்கு அனுப்பிய விமானப் பிரிவில் சேர்ந்தார்கள். அதுதான் நார்மண்டி-நியேமென். யாக் விமானங்களில் பறந்து போர் முடிவதற்குள் 273 வெற்றிகளைக் கணக்கில் சேர்த்த பிரிவு. துரான் 1943 செப்டம்பரில் காணாமல் போனார். லெஃபேவ்ர் 1944-இல் தீக்காயத்தோடு மாஸ்கோ மருத்துவமனையில் இறந்தார். அல்பேர் மட்டும் 23 வெற்றிகளோடு பிழைத்து 2010 வரை வாழ்ந்தார்.

ஆகவே 1941-இல் டி.520-இன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று சட்டப்படி நேர்மை, இன்னொன்று மனசாட்சிப்படி நேர்மை. என் மதிப்பில் அல்பேரும் நண்பர்களும் மிக உயர்ந்தவர்கள். லெ க்ளோவான் அந்த உயரத்துக்கு வரவில்லை. ஆனால் உயரம் எட்டாதவரை எல்லாம் எட்டப்பன் பட்டியலில் சேர்த்துவிட முடியாது.

அவர் முடிவையும் சொல்ல வேண்டும். 1942 நவம்பரில் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. சில நாள் சண்டைக்குப் பின் அங்கிருந்த பிரெஞ்சுப் படை நேச நாடுகளின் பக்கம் மாறியது. லெ க்ளோவான் பிரிவுக்கு 1943-இல் அமெரிக்க பி-39 ஏராகோப்ரா விமானங்கள் கிடைத்தன. வேலை, கடற்கரையை ஜெர்மன் விமானங்களிடம் இருந்து காப்பது. செப்டம்பர் 11 அன்று பறக்கும்போதே எஞ்சினில் இருந்து புகை வந்தது. சக்கரத்தை இறக்காமல் வயிற்றில் தரையிறங்க முயன்றார். அடியில் தொங்கிய கூடுதல் எரிபொருள் தொட்டி கழலாமல் இருந்தது. தரையைத் தொட்டதும் வெடித்தது. முப்பது வயதில், நேச நாடுகளின் விமானியாகவே இறந்தார். இவரை ‘துரோகப் படை’ என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டால் 1940-உம் 1943-உம் காணாமல் போய்விடுகின்றன.

அந்த 1942 நவம்பர் சண்டையிலேயே வினாடி வினாக்காரர்கள் தவறவிடக் கூடாத ஒரு செய்தி இருக்கிறது. காசாபிளாங்காவில் விஷி தரப்பில் நின்ற பிரிவு ஒன்றின் பெயர் லஃபாயெத். முதல் உலகப் போரில் அமெரிக்கத் தன்னார்வலர்கள் பிரான்சுக்காகப் பறந்த பிரிவின் வாரிசு அது. அவர்கள் விட்டுச் சென்ற செவ்விந்தியத் தலை சின்னம் அதன் விமானங்களில் இன்னும் இருந்தது. அவர்கள் ஓட்டியது அமெரிக்காவில் செய்த கர்ட்டிஸ் ஹாக். எதிரில் வந்தவை ‘ரேஞ்சர்’ என்ற விமானம் தாங்கிக் கப்பலில் இருந்து கிளம்பிய அமெரிக்கக் கடற்படையின் வைல்ட்கேட் விமானங்கள். இரண்டு தரப்பிலும் ஆட்கள் செத்தார்கள். சில மாதங்களில் அதே லஃபாயெத் பிரிவுக்கு அமெரிக்கா புது விமானங்களைக் கொடுத்தது.

டி.520-க்கு அதன் பிறகு வாழ்க்கை இன்னும் சிக்கலானது. வட ஆப்பிரிக்கா கைவிட்டுப் போனதும் ஜெர்மனி தென் பிரான்சையும் ஆக்கிரமித்தது. ஓடுதளங்களிலும் தொழிற்சாலைகளிலும் நின்ற டி.520-கள் இருநூறுக்கு மேல் அவர்கள் கைக்குப் போயின. ஜெர்மானியர் அவற்றைத் தங்கள் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தினார்கள். இத்தாலிக்குச் சில போயின. பல்கேரியாவுக்கு நூறளவில் போயின, 1943 நவம்பரில் சோஃபியா மேல் குண்டு போட வந்த அமெரிக்க விமானங்களை அவை எதிர்கொண்டன. பிறகு 1944 ஆகஸ்டில் துலூஸ் விடுதலையானதும், முதன்முதலில் இந்த விமானத்தை வானேற்றிய அதே மார்செல் தோரே அங்கே விட்டுப்போன டி.520-களைத் திரட்டி ஒரு பிரிவை அமைத்தார். மேற்குக் கடற்கரையில் ருவாயான் சுற்றுவட்டாரத்தில் சரணடையாமல் பதுங்கியிருந்த ஜெர்மன் படையை அந்த விமானங்கள் தாக்கின. பிரான்ஸ், விஷி, ஜெர்மனி, இத்தாலி, பல்கேரியா, கடைசியில் மறுபடி சுதந்திர பிரான்ஸ். மொத்தமே சுமார் 900 செய்யப்பட்ட ஒரு விமானத்துக்கு இத்தனை கொடி.

சரி, வடிவமைத்தவருக்கு வருவோம். எமில் தெவாத்தின் மீதான குற்றச்சாட்டு டி.520 சம்பந்தப்பட்டதல்ல என்று சொன்னேன். அந்த விமானம் வரையப்பட்டது போருக்கு முன்னால், ஜெர்மனியைத் தடுக்க. விஷி காலத்தில் அது மறுபடி உற்பத்திக்கு வந்தபோது தொழிற்சாலை அரசு நிறுவனத்தினுடையது, தெவாத்தினுடையதல்ல. நிறுவனம் அரசுடைமையான பிறகு 1938-இல் அவர் சிப்பா என்ற புது நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். போரின்போது அந்த நிறுவனம் ஜெர்மனியின் அராடோ நிறுவனத்துக்காக வேலை செய்தது. அராடோ 396 என்ற பயிற்சி விமானத்தை முழுதாக வடிவமைத்துத் தயாரிக்கும் பொறுப்பே சிப்பாவிடம் வந்தது. அலுமினியம் தட்டுப்பாட்டில் மரத்தையும் மலிவான உலோகத்தையும் வைத்துச் செய்ய வேண்டிய சாதாரண விமானம். வேலை மெதுவாகப் போனது, முதல் விமானம் பறந்ததே பாரிஸ் விடுதலையான பிறகுதான். ஆனாலும் ஜெர்மன் விமானப்படைக்கு ஆள் பழக்கும் விமானம் அது. தெவாத்தின் அதைச் செய்ய ஒப்புக்கொண்ட தொழிலதிபர்.

பிரான்ஸ் விடுதலையானதும் அவர் ஸ்பெயினுக்குப் போனார். 1946 மே மாதம் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார். 1948-இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவர் இல்லாமலே விசாரித்து, எதிரியோடு ஒத்துழைத்ததற்காக 20 ஆண்டு கடுங்காவல் விதித்தது. அதற்குள் அர்ஜென்டினாவில் அவர் தன் திறமையைக் காட்டிவிட்டார். கோர்தோபா நகரின் அரசு விமானத் தொழிற்சாலையில் அவர் வழிகாட்டுதலில் உருவான புல்கி என்ற ஜெட் 1947 ஆகஸ்ட் 9 அன்று பறந்தது. தென் அமெரிக்காவில் வடிவமைத்துச் செய்யப்பட்ட முதல் ஜெட் விமானம். எதிர்பார்த்த வேகம் வரவில்லை, ஒன்றோடு நின்றுபோனது. தெவாத்தின் பிற்காலத்தில் பிரான்சுக்குத் திரும்பி 1979-இல் துலூஸில் இறந்தார். கடுங்காவலை அனுபவிக்கவே இல்லை.

தெவாத்தினை எடைபோட எனக்கு உதவும் மனிதர் அவரோடு ஒரே ஆண்டில் பிறந்த இன்னொரு விமான வடிவமைப்பாளர். பெயர் மார்செல் ப்ளோக். யூதர். அவருடைய நிறுவனமும் அதே காலத்தில் அரசுடைமையானது, அவரும் 1940-இல் பிரெஞ்சு விமானப்படைக்குப் போர் விமானம் கொடுத்தவர். விஷி அரசு 1940 அக்டோபரிலேயே அவரைப் பிடித்து உள்ளே வைத்தது. ஜெர்மானியருக்காக வேலை செய்தால் நிலைமை மாறும் என்ற வாய்ப்பு அவர் முன் வைக்கப்பட்டது. மறுத்தார். 1944 மார்ச்சில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாப்போ கைது செய்தது. லியோனில் மோன்லுக் சிறை, அப்புறம் திரான்சி முகாம். பாரிஸ் விடுதலையாகச் சில நாட்களே இருந்த ஆகஸ்ட் மாதத்தில் புகென்வால்ட் வதைமுகாமுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார். 52 வயது. அங்கே உள்ளிருந்த கம்யூனிஸ்ட் கைதிகளின் ரகசிய அமைப்பு, குறிப்பாக மார்செல் பால் என்ற தொழிற்சங்கத் தலைவர், அவரைக் காப்பாற்றியது. 1945 ஏப்ரல் 11 அன்று முகாம் விடுதலையானது. பெரும் பணக்காரத் தொழிலதிபரின் உயிரைக் கம்யூனிஸ்டுகள் காத்தார்கள் என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

திரும்பி வந்தவர், ஜெனரலாக இருந்த தன் அண்ணன் தலைமறைவு இயக்கத்தில் வைத்திருந்த புனைபெயரில் இருந்து தனக்கும் ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். டசால்ட். ஆமாம், இன்று இந்திய விமானப்படை ஓட்டும் ரஃபேலைச் செய்யும் நிறுவனம். அவருடைய முதல் ஜெட் உரகான் 1949-இல் பறந்தது. 1953-இல் இந்தியா அதை வாங்கி தூஃபானி என்று பெயர் வைத்தது. ஜெர்மானியருக்கு மறுத்தவரின் விமானம் நான்கே ஆண்டில் நம் நாட்டு வானுக்கு வந்துவிட்டது.

தெவாத்தினுக்குத் தலைக்கு மேல் இப்படிப்பட்ட கத்தி தொங்கவில்லை. அதனால்தான் அவர் விஷயத்தில் என் மனம் இளகுவதில்லை. உத்தரவுக்குக் கட்டுப்பட்ட இளநிலை அதிகாரி லெ க்ளோவானை விட, வேலையை ஏற்கலாமா வேண்டாமா என்று தானே முடிவு செய்யக்கூடிய நிலையில் இருந்த முதலாளியின் பொறுப்பு பெரிது.

ஆனால் முதலாளிகளிலும் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஃபெலிக்ஸ் அமியோ என்ற விமானத் தயாரிப்பாளரைப் பாருங்கள். அவருடைய கொலோம்ப் தொழிற்சாலை ஜெர்மானியருக்காக யுங்கர்ஸ் 52 போக்குவரத்து விமானங்களைச் செய்தது. ஒத்துழைப்புதான், மறுக்க முடியாது. அதே அமியோ, ஷனேல் வாசனைத் திரவிய நிறுவனத்தின் உரிமையாளர்களான வெர்தைமர் சகோதரர்களின் பங்குகளைத் தன் பெயருக்கு மாற்றி வைத்துக்கொண்டார். யூதர்களான அவர்கள் அமெரிக்காவுக்குத் தப்பியிருந்தார்கள். யூதச் சொத்து என்று காட்டி அந்த நிறுவனத்தைத் தன் வசமாக்க கோகோ ஷனேல் முயன்றபோது, அது ஏற்கெனவே யூதரல்லாத ஒருவரின் கையில் இருந்ததால் முடியவில்லை. போர் முடிந்ததும் அமியோ பங்குகளை வெர்தைமர்களிடமே திருப்பிக் கொடுத்தார். ஒரே மனிதர், ஒரே ஆண்டுகளில், இரண்டும் செய்தார். அவருடைய விமானத் தொழிற்சாலை அரசுடைமையானது. பிறகு அவர் ஷெர்பூர் துறைமுகத்தில் கப்பல் கட்டினார். 1969 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆயுதத் தடையை மீறி இஸ்ரேல் ரகசியமாகக் கொண்டுபோன ஏவுகணைப் படகுகள் அங்கே கட்டியவைதான்.

ஜெர்மன் தரப்பில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அவர் கதை பெங்களூரில் தொடர்கிறது. ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற மிகச் சிறந்த போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க். அவர் தன் நாட்டு அரசுக்கு வேலை செய்தவர், அதனால் எதிரியோடு ஒத்துழைத்தவர் என்ற வகையில் வரமாட்டார். நாஜி அரசின் ஆயுதத் தொழிலில் உச்சத்தில் இருந்தவர் என்பது வேறு, அதைவிடச் சிறியதல்லாத, பொறுப்பு. 1947-இல் பெத்ரோ மத்தியெஸ் என்ற பொய்ப் பெயரில் அர்ஜென்டினா போனார். தெவாத்தின் வேலை செய்த அதே கோர்தோபாவில், முற்றிலும் வேறான வடிவத்தில் புல்கி இரண்டை 1950-இல் பறக்கவிட்டார். 1955-இல் அர்ஜென்டினா அதிபர் பெரோனின் ஆட்சி கவிழ்ந்தது, அடுத்த ஆண்டு டாங்க் இந்தியா வந்தார். பெங்களூர் ஹிந்துஸ்தான் நிறுவனத்தில் அவரும் இந்தியப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய எச்.எஃப்-24 மாருத் 1961 ஜூன் 17 அன்று பறந்தது. 1971 போரில் மேற்கு எல்லையில் அது தாக்குதலுக்குப் போனது. அவருடைய ஃபோக்கே-வுல்ஃப் 190-க்கும் ஒரு பிரெஞ்சுத் தொடர்ச்சி உண்டு. ஆக்கிரமிப்புக் காலத்தில் க்ரவான் என்ற இடத்தில் ஜெர்மானியர் வைத்திருந்த வசதிகளைக் கொண்டு, போருக்குப் பின் பிரான்ஸ் அறுபதுக்கு மேற்பட்ட விமானங்களை என்.சி.900 என்ற பெயரில் செய்துகொண்டது. கொஞ்ச காலம் அவற்றை ஓட்டியவர்கள் ஜெர்மானியரோடு ரஷ்யாவில் மோதிய நார்மண்டி-நியேமென் பிரிவினர்.

உங்கள் கேள்விக்கு ‘துரோகம்’, ‘போர் விமானம்’ இரண்டும் சந்தேகமில்லாமல் சேர்ந்திருக்க வேண்டும் என்றால் டி.520-ஐ விட்டுவிடுங்கள். இரண்டு தனி மனிதர்களைத் தருகிறேன்.

ஒருவர் மார்ட்டின் மான்டி, அமெரிக்க விமானப்படை அதிகாரி. கராச்சியில் பணியில் இருந்தவர், 1944 அக்டோபரில் அனுமதியில்லாமல் அங்கிருந்து கெய்ரோ வழியாக இத்தாலிக்குப் போனார். நேப்பிள்ஸ் அருகே ஓர் ஓடுதளத்தில் படம் பிடிக்கும் வகை லைட்னிங் விமானத்தை எடுத்துக்கொண்டு, ஜெர்மானியர் பிடியில் இருந்த மிலானில் போய் இறங்கினார். பெர்லினில் இருந்து பிரச்சார ஒலிபரப்பு செய்தார், நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேர்ந்தார். யாரும் வற்புறுத்தவில்லை. போருக்குப் பின் முதலில் அனுமதியில்லாமல் போனதற்கும் விமானத்தைத் திருடியதற்கும் மட்டும் தண்டித்து, அதையும் நிறுத்திவைத்து, ராணுவத்திலேயே மறுபடி சேர விட்டார்கள். முழுக் கதை தெரிந்ததும் கைது செய்தார்கள். 1949-இல் தேசத் துரோகத்தை ஒப்புக்கொண்டு 25 ஆண்டுச் சிறை பெற்றார். 1960-இல் வெளியே வந்தார்.

இன்னொருவர் அதற்கு நேரெதிர். ரெனே தார்புவா, பிரான்சின் லொரேன் பகுதிக்காரர். அல்சாசையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனி தன்னோடு இணைத்துக்கொண்டு, 1942-இல் இருந்து அங்குள்ள இளைஞர்களைக் கட்டாயமாகத் தன் படையில் சேர்த்தது. தார்புவா ஜெர்மன் விமானியாகி மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஓட்டினார். சீருடையைப் பார்த்தால் ஒத்துழைத்தவர். 1944 ஜூலை 25 அன்று இத்தாலியில் தன் விமானத்தை அப்படியே கொண்டுபோய் நேச நாட்டு ஓடுதளத்தில் இறக்கிச் சரணடைந்தார். அந்த விமானம் இன்று வாஷிங்டன் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்வியை மாற்றி எழுதித் தருகிறேன். “ஜெர்மானியருக்காகப் பயிற்சி விமானம் தயாரித்ததற்காகப் போருக்குப் பின் தண்டிக்கப்பட்டவரின் பெயரைத் தாங்கிய, இரு தரப்பிலும் பறந்த பிரெஞ்சுப் போர் விமானம் எது?” பதில் அதே டி.520. கூடுதல் மதிப்பெண்ணுக்கு: “அதை ஓட்டி 1941 அக்டோபரில் ஜிப்ரால்டருக்குத் தப்பிய மூவரில் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள்.” அல்பேர், லெஃபேவ்ர், துரான், மூன்றில் எதுவும் சரி.